மெஷினும் அம்மாவின் வெத்திலையும்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பு மச்சான்,

நலம். உங்கள் வீட்டிலும் எல்லாரும் சுகம் என்று குண்டன் சொன்னான். இவ்வளவு நாளும் கடிதம் போடாததற்குத் திட்டுவாய், திட்டிக்கொள். இப்போது எழுதவைத்தது உன் அம்மா. பதறாமல் முழுக்கப் படி.

எங்கள் கம்பஸில் இறுதியாண்டுப் பிள்ளைகள் நாலு பேர் ஒரு பி.சி.ஆர். மெஷின், அதாவது டி.என்.ஏ. துண்டு ஒன்றைப் பல கோடியாகப் பெருக்குகிற மெஷின், செய்திருக்கிறார்கள். இணையத்தில் கிடைத்த வரைபடம், பழைய கம்பியூட்டர் விசிறி, ஒரு அலுமினியக் கட்டை, அவ்வளவுதான். 95 பாகை செல்சியஸ் சூட்டில் டி.என்.ஏ.யின் இரண்டு இழைகளும் பிரியும். 58க்கு இறக்கினால், எங்கே தொடங்குவது என்று காட்டுகிற பிரைமர் என்ற சின்னத் துண்டு போய் ஒட்டும். 72இல் நொதியம் புது இழை கட்டும். இப்படி 30 சுற்று ஓடினால், கணக்குப்படி ஒரு துண்டு 100 கோடிக்கு மேல் பெருகிவிடும். அந்தச் சூட்டிலும் சாகாத நொதியம் யெலோஸ்டோன் வெந்நீரூற்றில் கண்டெடுத்த பக்டீரியாவில் இருந்து வந்தது. நாங்களும்தான் மகாஓயா வெந்நீரூற்றுக்குப் போனோம், முட்டை அவித்துத் தின்றுவிட்டு வந்தோம்!

வாய்ப் புற்றுநோயில் அடிக்கடி பழுதாகிற டிபி53 என்ற ஜீனில் ஒரு துண்டை எடுத்து, லாபில் இருக்கிற பெரிய மெஷினிலும் பிள்ளைகளின் மெஷினிலும் ஒரே மாதிரியை ஓட்டினோம். ஓட்டியதை ஜெல்லில் விட்டுப் பார்த்தால், துண்டு பெருகியிருந்தால் ஒரு வரி தெரியும். பெரியதில் வரி விழுந்தது, சின்னதில் ஒன்றுமில்லை. குழாய்க்குள் 25 மைக்ரோலீற்றர்தான் இருக்கும். மூடி சரியாகச் சூடாகாததால் அதுவும் ஆவியாகி மேலே முத்து முத்தாக ஒட்டி நின்றது. சம்மாந்துறைப் பிள்ளை ஒன்று பழைய செய்முறைகளைக் கிளறிப் பார்த்து, மேலே ஒரு சொட்டு மினரல் ஒயில் விட்டது. அடுத்த ஓட்டத்தில் இரண்டுக்கும் ஒரே உயரத்தில் வரி, ஒப்பிட்டுப் பார்க்க டி.என்.ஏ.க்குப் பதிலாக வெறும் தண்ணீர் விட்டு ஓட்டியதன் குழி சுத்த இருட்டு. நான் கத்தியே விட்டேன். தவம் சேர் இருந்திருந்தால் வெளியே போகச் சொல்லியிருப்பார்.

இந்தக் கதை எப்படியோ அம்மாவின் காதுக்குப் போய்விட்டது. "மனே, கான்சர் பிடிக்கிற மெஷினாமே, என்ட எச்சிலையும் ஒருக்காப் போட்டுப் பாரன்" என்று போனில் சிரிக்கிறா. நானும் சிரித்தேன். பிறகு ஏன் என்று கேட்டேன். சுற்றி வளைத்துத்தான் சொன்னா: இடது கன்னத்துக்குள், வெத்திலையை ஒதுக்கி வைக்கிற இடத்தில், வெள்ளையாக ஒரு படலம். சுரண்டினாலும் போகவில்லையாம். மிளகாய் பட்டால் எரியுதாம். பொங்கலுக்கு முன்பிருந்தே இருக்குதாம்!

எச்சிலைப் போட்டால் வரி விழத்தான் செய்யும் மச்சான். டிபி53 உனக்கும் இருக்கு, எனக்கும் இருக்கு. வரி விழுந்தால் துண்டு பெருகியிருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். அதற்குள் பிழை இருக்கா என்று பார்க்க எழுத்து எழுத்தாக வாசிக்க வேண்டும். அதை வாசித்தாலும், வைத்தியர் வாயைப் பார்த்து, தேவைப்பட்டால் ஒரு துளி சதை எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்க்காமல் ஒன்றும் சொல்ல முடியாது. வெள்ளைப் படலமெல்லாம் புற்றுநோய் இல்லை. ஆனால் சிலது பிறகு அப்படி மாறும். அதனால்தான் இப்போதே காட்டச் சொல்கிறேன்.

"நான் புகையிலை போடுறதே இல்லையே" என்றா. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2004இல் வெளியிட்ட அறிக்கையில் புகையிலை சேராத பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று அறிவித்ததைச் சொன்னேன். "அப்ப உன்ட மாமிக்கும் போய்ச் சொல்லு" என்று போனை வைத்துவிட்டா.

என் பேச்சு அங்கே எடுபடாது, உனக்கே தெரியும். ஞாயிறு நீ ஒரு கோல் எடு. கத்தாதே. இணையத்தில் கண்ட படங்களை அனுப்பிப் பயப்படுத்தாதே. வெத்திலையை விடச் சொல்லியும் தொடங்காதே, பிறகு ஆஸ்பத்திரிக்கே வரமாட்டா, அதைப் பிறகு பார்ப்போம். செவ்வாய்க்கிழமை காலை ஓட்டோ பிடித்துப் பல் வைத்தியரிடம் நானே கூட்டிப்போகிறேன். அவர் மேலே எழுதித் தந்தால் அந்தக் கிளினிக்குக்கும் நான்தான் போவேன். உன் தங்கச்சிக்கு இன்னும் சொல்லவில்லை, அதையும் நீயே சொல்.

அன்புடன்,
சிவா