சீர்காழி தாண்டியதும் காலைக் கழுவிவிட்ட அக்காவுக்கு

ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்குள் சேர்ந்துவிட வேண்டும் என்று சென்னையிலிருந்து காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடந்தோம். சீர்காழி தாண்டியதும் என் குதிகால் கொப்புளம் உடைந்தது. உடன் வந்தவர்கள் ஜெபமாலை சொல்லியபடியே முன்னால் போய்விட்டார்கள். (குறையில்லை, போகச் சொன்னதே நான்தான்.)

சாலையோர டீக்கடையில் ஓர் அக்கா, நெற்றி நிறையத் திருநீறு. ஒன்றும் கேட்காமல் ஸ்டூலை இழுத்துப் போட்டார். வெதுவெதுப்பான உப்புநீரில் காலைக் கழுவினார். தேங்காய் எண்ணெயில் மஞ்சள் குழைத்துப் பூசி, பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டிவிட்டார். டீக்குக் காசு நீட்டினேன். "மாதா உண்டியலில் போட்டுவிடுங்கள், தம்பி" என்றார்.

லூக்கா நற்செய்தியில், வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவும் வேற்றினத்துச் சமாரியனும் காயத்தில் எண்ணெய்தான் வார்க்கிறான். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் அந்தக் கதையைப் பல வருடங்களாகச் சொல்கிறேன், எப்போதும் என்னைச் சமாரியனாக நினைத்துக்கொண்டு. வழியில் அடிபட்டுக் கிடந்தவனின் இடத்தில் உட்கார்ந்தது அன்றுதான். கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

அக்கா, உங்கள் பெயரைக் கேட்காமலே வந்துவிட்டேன். டீக்காசை உண்டியலில் சேர்த்துவிட்டேன். புண்ணும் ஆறிவிட்டது. மிக்க நன்றி.