செயலாளரின் ஆண்டறிக்கை: லரீசா ஷெபிட்கோ படங்களுடன் ஓர் ஆண்டு

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தபடி, நம் திரைப்படச் சங்கத்தில் இந்த ஆண்டு நாட்டுக்கு ஒரு படம் என்று தேர்ந்தெடுக்காமல் ஒரே இயக்குநரை எடுத்துக்கொண்டோம். சோவியத் இயக்குநர் லரீசா ஷெபிட்கோ. "ஒரு வருஷம் ஓட்டுவதற்கு அவரிடம் படம் இருக்கிறதா?" என்று அன்றைக்கே ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். முழுநீளத் திரைப்படங்கள் நான்கு, ஒரு குறும்படம், தொலைக்காட்சிக்கு எடுத்த இசைப்படம் ஒன்று. அவ்வளவுதான் மொத்தக் கணக்கு. 41 வயதில் சாலை விபத்தில் இறந்துபோனது அதற்குப் பாதிக் காரணம். மீதிக் காரணத்தை அதிகாரிகளின் அலமாரியில் தேட வேண்டும்.

1938இல் உக்ரைனின் அர்த்யோமவ்ஸ்க் நகரில் பிறந்தவர். இன்றைய பாக்முத் அதுதான். தந்தை ஈரானியர், குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். பள்ளி ஆசிரியையான தாய் தனியாக நின்று மூன்று பிள்ளைகளை வளர்த்தார். லரீசா பதின்வயதிலேயே மாஸ்கோ திரைப்படக் கல்லூரியில் இயக்குநர் அலெக்சாந்தர் தவ்ஜென்கோவின் மாணவியானார். 1956இல் ஆசிரியர் இறந்துவிட்டார். ஒவ்வொரு படத்தையும் அதுவே கடைசிப் படம் என்று எண்ணி எடுக்க வேண்டும் என்ற அவருடைய பாடத்தை மட்டும் மாணவி விடவில்லை.

முதலில் திரையிட்டது கல்லூரிப் பட்டயத்துக்காக எடுத்து 1963இல் வந்த 'வெப்பம்'. நல்ல கோடையில் அதைப் போட்டது என் யோசனை அல்ல என்பதைப் பதிவு செய்கிறேன். மூலக்கதை 'ஜமீலா' எழுதிய சிங்கிஸ் ஐத்மாத்தவுடையது. மலிவு விலை சோவியத் புத்தகங்கள் படித்து வளர்ந்த நம் மூத்த உறுப்பினர்களுக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவை இருக்கவில்லை. கிர்கீஸியப் புல்வெளியில் 50 டிகிரியை நெருங்கிய வெயிலில் படப்பிடிப்பு. கேமராவுக்குள்ளேயே ஃபிலிம் உருகியிருக்கிறது. இயக்குநருக்கு மஞ்சள் காமாலை வந்து, ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே படத்தை எடுத்தார். முடிக்க உதவிய சக மாணவர் எலெம் கிளீமவைத் திருமணம் செய்துகொண்டார்.

அடுத்தது 'சிறகுகள்' (1966). இதைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாக எழுதுகிறேன், செயற்குழு பொறுத்துக்கொள்ளட்டும். போரில் விமானியாக இருந்த நதேஷ்தா இப்போது ஒரு தொழிற்பள்ளியின் முதல்வர். மாணவர்களுக்கு அவரைப் பிடிக்கவில்லை, வளர்ப்பு மகளோடும் ஒட்டவில்லை. ஊர் அருங்காட்சியகத்தில் போர் வீரர்களோடு அவர் படமும் தொங்குகிறது; பக்கத்திலேயே ஆள் உயிரோடு நடமாடுகிறார். மாயா புல்ககோவா அந்த வேடத்தில் எங்குமே இரக்கம் கேட்கவில்லை. டீக்கடை போன்ற சின்ன உணவகத்தில், அதை நடத்தும் பெண்ணும் இவரும் கைகோத்து ஆடும் காட்சியில் அரங்கம் அப்படியே அமைதியாகிவிட்டது. முடிவில் விளையாட்டாகப் பையன்கள் தள்ளிக்கொண்டு போகும் விமானத்தில் உட்கார்ந்திருப்பவர் எஞ்சினைக் கிளப்பிப் பறந்துவிடுகிறார். பரிசு வாங்கியது வேறு படம் என்றாலும், என் ஓட்டு இதற்குத்தான்.

சரி, அலமாரிக்கு வருவோம். 1967இல் ரஷ்யப் புரட்சியின் 50ஆம் ஆண்டுக்காக ஆந்திரேய் பிளாத்தோனவின் கதையை வைத்து 'மின்சாரத்தின் தாயகம்' எடுத்தார். வறண்டு கிடக்கும் கிராமத்துக்கு நீர் இறைத்துத் தர வரும் இளைஞனின் கதை. விழாவுக்கு இந்தப் பஞ்சமும் பசியும் பொருந்தாது என்று நினைத்தார்கள் போலும், உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்கள். 1987இல்தான் வெளியே வந்தது. பார்க்க அவர் இல்லை. 1971இன் 'நீயும் நானும்' தணிக்கையில் வெட்டுப்பட்டது. அந்தத் திரையிடலுக்கு வருகை குறைவு, விவாதமும் சீக்கிரம் முடிந்தது.

'ஏற்றம்' (1977) வந்தபோது நாற்காலி போதவில்லை. வசீல் பீக்கவின் குறுநாவல். நாஜிகள் பிடியிலிருந்த பெலாரஸில் உணவு தேடிப் போகும் இரண்டு கெரில்லாக்கள் பிடிபடுகிறார்கள். நோயாளியான சோத்னிகவ் தூக்குமேடை ஏறுகிறார். திடகாத்திரமான ரிபாக் உயிருக்குப் பயந்து எதிரியின் போலீஸில் சேர்கிறார். மூரம் நகரைச் சுற்றி, பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரில் எடுத்த படம். ஆல்பிரட் ஷ்னிட்கேயின் இசை. ஏசுவையும் யூதாஸையும் நினைவூட்டுவதால் அதிகாரிகள் தடுத்துவிடுவார்கள் என்று பயந்து, பெலாரஸ் கட்சித் தலைவர் பியோத்தர் மாஷெரவுக்குக் கிளீமவ் தனியாகப் போட்டுக் காட்டினார். மாஷெரவ் போரில் கெரில்லாவாக இருந்தவர். அவருடைய தாயை ஜெர்மானியர்கள் கொன்றிருந்தார்கள். பார்த்து அழுதார், படம் தப்பியது. அதே ஆண்டு பெர்லின் திரைப்பட விழாவில் முதல் பரிசான தங்கக் கரடி விருது. அதற்கு முன் அதை வாங்கிய பெண் இயக்குநர் ஹங்கேரியின் மார்த்தா மேசாரோஷ் ஒருவர்தான்.

ரிபாக்கைத் துரோகி என்று சொல்ல நமக்கு உரிமை உண்டா என்று அன்று எழுந்த சண்டை அரங்கத்தைப் பூட்டிய பிறகும் வாசலில் தொடர்ந்தது. இரு தரப்பு வாதங்களும் குறிப்பேட்டில் உள்ளன. இயக்குநர் யார் பக்கம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் படத்தின் கடைசி நிமிடங்களை அவர் ரிபாக்கிடம்தான் கொடுத்திருக்கிறார்.

1979 ஜூலை 2 அன்று, வலந்தீன் ரஸ்பூத்தினின் நாவலைப் படமாக்க இடம் பார்க்கச் சென்றபோது விபத்து. ஒளிப்பதிவாளர் விளாதிமிர் சுக்னோவ், கலை இயக்குநர் யூரி ஃபொமென்கோ உட்படப் படக்குழுவினரும் உடன் இறந்தார்கள். அந்தப் படத்தைக் கிளீமவ் 'விடைபெறல்' என்று முடித்தார். அதையும், மனைவியைப் பற்றி அவர் எடுத்த 'லரீசா' என்ற குறும்படத்தையும் ஆண்டின் கடைசிக் கூட்டத்தில் சேர்த்துப் பார்த்தோம்.

வரும் ஆண்டுக்கு இன்னொரு சோவியத் இயக்குநரான கீரா முராத்தவாவைச் செயற்குழு பரிந்துரைக்கிறது. அவர் படங்களும் அலமாரியில் கிடந்தவைதான். ஆட்சேபம் இருந்தால் இப்போதே சொல்லிவிடலாம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் அதற்குள் எழுந்து போய்விட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்