மழையில் ஒட்டிய புத்தகமும் ஜனவரி வெளியீடும்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கையால் செய்த ஒளிப்பட நூல்களின் வெளியீடு பற்றிய செய்திகள் இப்போது அடிக்கடி கண்ணில் படுகின்றன. ஐம்பது படி, நூறு படி என்று குறைந்த எண்ணிக்கையில், கலைஞரே அச்சிட்டு, தைத்து, அட்டை கட்டி விற்கும் நூல்கள் இவை. நல்ல காலம் பிறந்திருக்கிறது என்று மகிழ்கிறோம். ஆனால் இந்த நூல்களில் பல, வாங்கிய ஆறு மாதத்துக்குள் அட்டை வளைந்து, தாள் அலையடித்துக் கிடக்கின்றன. காரணம் கலைஞரின் திறமைக் குறைவு அல்ல. வெளியீட்டு நாளை முதலில் குறித்துவிட்டுப் புத்தகத்தைப் பிறகு செய்வதுதான் காரணம். இதை விரிவாகச் சொல்லவே இக்கடிதம்.

சென்னைப் புத்தகக் காட்சி ஜனவரியையொட்டி வருகிறது. எல்லோருக்கும் அப்போதே நூல் கையில் இருக்க வேண்டும் என்று ஆசை. அதற்காக நவம்பரிலும் டிசம்பரிலும் ஒட்டுகிறார்கள். அது வடகிழக்குப் பருவமழைக் காலம். தாளும் அட்டையும் காற்றின் ஈரத்தைக் குடித்து உப்பியிருக்கும். அந்த நிலையில் ஒட்டி இறுக்கிய அட்டை, பிப்ரவரி வெயிலில் சுருங்கும்போது துணி ஒட்டிய பக்கம் ஒரு வேகத்திலும் உள்தாள் (அட்டையின் உட்புறத்தை மூடும் தாள்) ஒட்டிய பக்கம் வேறொரு வேகத்திலும் இழுக்கும். அட்டை படகுபோல் வளைவது இதனால்தான். போதாக்குறைக்கு, டைரியும் காலண்டரும் குவிந்து பைண்டர்கள் மூச்சுவிட நேரமில்லாமல் இருக்கும் மாதங்களும் இவையே.

ஒரு கணக்கைப் பாருங்கள். ஏ4 அளவில் 64 பக்க நூல், 50 படி. ஏ3 தாளை ஒரு முறை மடித்தால் நான்கு பக்கம். ஆகவே ஒரு படிக்கு 16 தாள், 50 படிக்கு 800 தாள். பத்து சதவீதம் கழிவு சேர்த்தால் 880. இரு பக்கமும் அச்சிட 1,760 முறை தாள் அச்சுப்பொறிக்குள் போய்வர வேண்டும். நல்ல தரத்தில் ஒரு பக்கத்துக்கு நாலு நிமிடம் என்று வைத்தாலும் சுமார் 117 மணி நேரம். எட்டு பாரம் (சேர்த்து மடித்த தாள்கட்டு) கொண்ட ஒரு நூலைத் தைக்கப் பழகிய கைக்கு முக்கால் மணி ஆகும். 50 நூலுக்கு 37 மணிக்கு மேல். இவற்றையெல்லாம் ராத்திரி கண்விழித்துச் சுருக்கலாம். சுருக்க முடியாதது ஒன்று உண்டு: அழுத்தியில் காயும் நேரம். அட்டை கட்டிய நூல் ஓர் இரவு முழுவதும் அழுத்தத்தில் இருந்தாக வேண்டும். ஓர் அழுத்தியில் ஐந்து நூல் அடுக்கினால் 50 நூலுக்குப் பத்து இரவு. மழைக்காலத்தில் இரண்டு இரவு வீதம் வைத்தால் இருபது. அழைப்பிதழ் அடித்துவிட்ட கலைஞர் அந்த இருபதை ஐந்தாக்குகிறார். வளைவது அந்த நூல்கள்தான்.

இனி தாள். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் தாள் வாங்கும்போது எத்தனை ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) என்று கேட்பவர்கள், கிரெய்ன், அதாவது நார் ஓட்டம், எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கேட்பதில்லை. இயந்திரத்தில் செய்த தாளில் நார்கள் ஒரே திசையில் படுத்திருக்கும். ஈரம் பட்டால் தாள் அந்தத் திசைக்குக் குறுக்கேதான் அதிகம் விரியும். எனவே நார் ஓட்டம் புத்தக முதுகுக்கு இணையாக இருக்க வேண்டும். குறுக்கே ஓடினால் மடிப்பு முறியும், பக்கங்கள் படியாமல் விறைத்து நிற்கும், முதுகோரம் அலையடிக்கும். கண்டுபிடிப்பது எளிது: தாளை மடிக்காமல் இரு திசையிலும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்த வளைவு எளிதாக வருகிறதோ, நார் அந்த வளைவின் கோட்டோடு ஓடுகிறது. சந்தேகமிருந்தால் ஒரு சிறு சதுரத் துண்டின் ஒரு முகத்தை மட்டும் நனையுங்கள். அது குழாய்போல் சுருளும். குழாயின் நீளமே நாரின் திசை.

கடையில் வெட்டி வைத்திருக்கும் ஏ3 பெரும்பாலும் நீளவாக்கில் நார் ஓடுவது. அதை மடித்து ஏ4 ஆக்கினால் நார் முதுகுக்குக் குறுக்கே நிற்கும். வழி என்ன? பெரிய தாளாக வாங்கி வெட்டுவதுதான். 25×36 அங்குலத் தாளில் நார் 36 அங்குலப் பக்கமாக ஓடுவதாகக் கொள்வோம். வழக்கப்படி வெட்டினால் நான்கு ஏ3 கிடைக்கும், நான்கும் தப்பான திசையில். திருப்பிப் போட்டு வெட்டினால் மூன்றுதான் கிடைக்கும், மூன்றும் சரி. 880 தாளுக்கு 220 பெரிய தாள் வேண்டிய இடத்தில் 294 வேண்டியிருக்கும். இந்த 74 தாளை மிச்சம் பிடிக்க நினைத்துத்தான் மொத்த நூலையும் கெடுத்துக்கொள்கிறோம். வெட்டுக்கூலி கொடுக்கும்போது கட்டிங் மிஷின்காரரிடம் இதைத் தாளின் மேலேயே பென்சிலில் அம்புக்குறி போட்டுக் காட்டுங்கள். வாயால் சொன்னால், தாள் வீணாகக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் அவர் நான்காகவே வெட்டிவிடுவார். கைத்தாளுக்கு இந்தத் தொல்லை இல்லை. சல்லடையை எல்லாப் பக்கமும் அசைத்து எடுப்பதால் நார் எத்திசையிலும் கலந்து கிடக்கும். புதுச்சேரி ஆசிரமக் கைத்தாள் போன்றவை உள்தாளுக்கும் மேலுறைக்கும் அருமையாகப் பொருந்தும். படம் அச்சிட அதன் மேடுபள்ளம் எல்லா வகைப் படத்துக்கும் ஒத்துவராது.

கனத்திலும் ஒரு தவறு நடக்கிறது. சுவரில் மாட்டும் படத்துக்கு 300 ஜி.எஸ்.எம். பருத்தித்தாள் அழகு. அதையே மடித்துப் புத்தகமாக்கினால் மேற்பூச்சு மடிப்பில் விரிசல் விட்டு, கறுப்புப் படத்தின் நடுவே வெள்ளைக் கோடு தெரியும். மடித்துத் தைக்க 150 முதல் 190 வரை போதும். அதிலும் எலும்பாலான மழுங்கிய மடிப்புக் கருவியால் கோடு இழுத்துப் பதித்த பிறகே மடிக்க வேண்டும். இரு பக்கமும் பூச்சுள்ள தாள்தானா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பல கலைத்தாள்களுக்கு ஒரு பக்கம்தான் பூச்சு. மறுபக்கத்தில் மை ஊறிப் படம் சாம்பல் பூத்துப்போகும். மை பிக்மென்ட் (நுண்துகள் நிறமி) வகையாக இருக்கட்டும். டை (கரைந்த சாயம்) வகை மை, பசையின் ஈரம் பட்டாலே கசியும். அச்சிட்டவுடன் அடுக்கி அழுத்தாதீர்கள். இடையில் வெற்றுத்தாள் வைத்து ஒரு நாள் முழுக்க ஆறவிட வேண்டும். மழை நாளில் தாளின் ஓரம் சுருண்டு அச்சுத்தலையில் உரசி, விளிம்பில் கரித்தீற்றல் விழும். அச்சிடுமுன் தாள்கட்டைச் சமப்பலகைக்கு அடியில் ஓர் இரவு வைத்தால் இது பெரிதும் குறையும்.

தையலுக்கு வருவோம். 170 ஜி.எஸ்.எம். தாளில் ஒரு பாரத்துக்கு இரண்டு தாள் போதும். நான்கு தாளைச் சேர்த்து மடித்தால் உள்ளே இருக்கும் தாள்கள் வெளியே பிதுங்கும். ஓரத்தைச் சமமாக வெட்டும்போது நடுப்பக்கப் படம் மட்டும் சில மில்லிமீட்டர் குறைந்துவிடும். பாரம் கூடக்கூட முதுகில் தையல்நூலும் கூடும். அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள தையல்நூலால் எட்டு பாரம் தைத்தால், முதுகுப் பக்கம் சுமார் 4 மில்லிமீட்டர் உப்பும். புத்தகத்தின் கனமே ஏழெட்டு மில்லிமீட்டர்தான் என்னும்போது இது ஆப்பு வடிவில் போய் நிற்கும். மெல்லிய லினன் நூலைத் தேன்மெழுகில் இழுத்துத் தையுங்கள். இரட்டைப் பக்கப் படங்களை இயன்றவரை பாரத்தின் நடுவிலேயே வையுங்கள். இரண்டு பாரங்கள் சேரும் இடத்தில் வைத்தால் ஒரு முகமோ கையோ முதுகுக்குள் போய்விடும். இதற்காகவே அதே தாளில், அதே பக்க எண்ணிக்கையில், ஒரு டம்மி (மாதிரி நூல்) தைக்க வேண்டும். அட்டையின் முதுகு அளவையும் தைத்து முடித்த டம்மியை அளந்தே எடுக்க வேண்டும். தாளின் தடிமனைப் பெருக்கிப் போட்ட கணக்கு ஒருபோதும் சரியாக வருவதில்லை.

பசையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நம்மூர்ப் பட்டறைகளில் மைதாப் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பது பழைய வழக்கம். பூச்சி வராது என்பது உண்மை. ஆனால் மயில்துத்தம் நஞ்சு. தாளை அமிலமாக்கி நாளடைவில் பழுப்பேற்றவும் செய்யும். கணக்குப் பேரேட்டுக்குப் பாதகமில்லை. ஒளிப்படத்துக்கு அது ஆகாது. துத்தம் இல்லாத மைதாப் பசையைக் கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் தேடி வரும். வெள்ளைப் பி.வி.ஏ. பசையில் ஆறு பங்கும், மெத்தில் செல்லுலோஸ் (நீரில் கரையும் பசைத்தூள்) கரைசலில் நான்கு பங்கும் கலந்தால், சட்டென்று இறுகாமல் தாளைச் சரிசெய்ய அவகாசம் கிடைக்கும். உள்தாளை ஒட்டியதும், அதற்கும் புத்தகத் தாள்களுக்கும் நடுவே மெழுகுத்தாள் செருகாமல் அழுத்தியில் வைக்கவே கூடாது. பசையின் ஈரம் முதல் பத்துப் பக்கங்களுக்குள் இறங்கிவிடும். செருகுவதற்குச் செய்தித்தாளைப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. மன்னிக்கவும், உங்கள் நாளிதழின் மையும் உள்தாளில் ஒட்டிக்கொள்ளும்! அழுத்தியிலிருந்து எடுத்த நூலை அன்றே பிளாஸ்டிக் உறையில் அடைப்பதும் தவறு. மிச்ச ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சை பிடிக்கும். குறைந்தது ஒரு வாரம் காற்றாட வையுங்கள்.

வெளியீட்டு மேடையிலும் இந்த நூல்கள் அடிபடுகின்றன. வண்ணத்தாளில் சுற்றி, ரிப்பன் கட்டி, சிறப்பு விருந்தினர் பிரித்து, நடுவில் விரித்து, கேமராவுக்குத் தூக்கிப் பிடிப்பது நம் வழக்கம். புதிதாகத் தைத்த நூலை எடுத்த எடுப்பில் நடுவில் விரித்தால் முதுகுப் பசை வெடிக்கும், தையல்நூல் தாளைக் கிழிக்கும். புதுப் புத்தகத்தை மேசையில் நிறுத்தி, முன்னிருந்து சில பக்கம், பின்னிருந்து சில பக்கம் என்று மாறி மாறிப் படியவிட்டு நடுவுக்கு வர வேண்டும். இதைக் கலைஞரே முந்தின நாள் செய்து வைத்து, அந்தப் படியை மேடைக்குத் தரலாம். அதைவிட நல்லது, பேச்சைக் குறைத்துப் பார்வையைக் கூட்டுவது. நான்கைந்து மேசை, மேசைக்கு ஒரு நூல், ஒருவருக்குப் பத்து நிமிடம். கை கழுவித் துடைக்கத் தண்ணீரும் துண்டும் வாசலிலேயே இருக்கட்டும். பூமாலையும் காபியும் வேறு அறையில் இருக்கட்டும். அரங்கின் மஞ்சள் விளக்கில் வெள்ளைத்தாள் பழுப்பாகத் தெரியும். மேசை மேல் வெள்ளை வெளிச்சம் வேண்டும்.

அப்புறம் படிகளின் கணக்கு. 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மூன்று பொது நூலகங்களுக்கும் நூல் வெளியான 30 நாளுக்குள் ஆளுக்கொன்றாக நான்கு படி அனுப்ப வேண்டும். கலைஞருக்கு மூன்று, காட்சிக்கு ஒன்று, சேதத்துக்கு இரண்டு ஒதுக்கினால், ஐம்பதில் விற்க மிஞ்சுவது நாற்பது. செலவை ஐம்பதால் வகுத்து விலை வைப்பவர்கள் கடைசியில் தங்கள் கூலியை இழக்கிறார்கள். ஐ.எஸ்.பி.என். (நூலுக்கான சர்வதேச அடையாள எண்) நம் நாட்டில் இலவசம்தான், ஆனால் விண்ணப்பித்த மறுநாளே கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். கடைசிப் பக்கத்தை அச்சிடுமுன் கையில் இருக்க வேண்டும். அந்தக் கடைசிப் பக்கத்திலேயே தாளின் பெயர், மையின் வகை, தைத்தவர் பெயர், படி எண் எல்லாம் வரட்டும். 1994இல் தொடங்கிய சென்னை தாரா புக்ஸ் பதிப்பகம் கையால் அச்சிட்டுத் தைக்கும் நூல்களில் ஒவ்வொரு படிக்கும் எண் இட்டுத் தருகிறது. பின்பற்றத்தக்க வழக்கம் இது.

வெளியீடு ஒரே நாளில் நடந்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒளிப்படத்தால் ஆன முதல் நூல் என்று கருதப்படும் அன்னா அட்கின்ஸின் கடற்பாசி நூல், 1843 முதல் 1853 வரை பத்தாண்டுகள் பகுதி பகுதியாக வந்தது. ஒவ்வொரு பக்கமும் வெயிலில் தனித்தனியே காட்டி எடுத்த நீலப்படம். இங்கிலாந்தின் வெயிலை நம்பிச் செய்த வேலைக்குத் தேதி குறித்திருக்க முடியுமா? நாமும் முதலில் பத்துப் படி, பிறகு பத்துப் படி என்று வெளியிடலாம். முதல் பத்தில் கண்ட குறையை அடுத்த பத்தில் திருத்திக்கொள்ளலாம்.

ஒரே நாள்தான் வேண்டுமென்றால், மழை ஓய்ந்த பிப்ரவரியில் தொடங்கி மே மாதத்துக்குள் ஒட்டி முடியுங்கள். மேயின் கடைசி வாரங்களில் பள்ளி நோட்டு வேலை பைண்டர்களைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் தைப்பதையும் அழுத்துவதையும் ஏப்ரலிலேயே வைத்துக்கொள்வது நல்லது. மீதி மாதங்களில் நூல்கள் ஆறி அமரட்டும். ஆகஸ்ட் 19 உலக ஒளிப்பட நாள், அன்று வெளியிடலாம். ஜனவரிப் புத்தகக் காட்சிக்கு வரும்போது ஒரு மழைக்காலத்தைத் தாங்கிய நூலாக அது வரும். வாங்குகிறவரும் அட்டையைத் தடவிப் பார்த்து நம்பி வாங்கலாம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இத்தகைய வெளியீட்டுச் செய்திகளைப் பிரசுரிக்கும்போது சிறப்பு விருந்தினர் பட்டியலோடு நூலின் அளவு, பக்கம், தாள், கட்டிய முறை, மொத்தப் படிகள், தைத்த பைண்டரின் பெயர், பொதுமக்கள் ஒரு படியை எங்கே புரட்டிப் பார்க்கலாம் என்பதையும் இரண்டு வரியில் சேர்த்து வெளியிடுங்கள். அழைப்பிதழ் அனுப்புகிறவர்களிடம் நீங்கள் கேட்டாலே போதும், தந்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
கையால் நூல் கட்டுவோரும் ஒளிப்படக் கலைஞர்களும்,
திருவல்லிக்கேணி, சென்னை.