தலமரம் இலுப்பைக்குத் தாங்கு வடம்: திருப்பணி நிறைவு அறிக்கை

அன்புடைய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நம் கோயில் இலுப்பை மரத்தின் திருப்பணி மாசிக் கடைசியில் நல்லபடியாக முடிந்தது. 2018 நவம்பர் 16 விடியற்காலை, கஜா புயலில் வடக்குக் கிளை முறிந்து மதில்மேல் கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மிஞ்சிய இரண்டு பெருங்கிளைகளையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்றுதான் இந்த வேலையை எடுத்தோம்.

இரண்டும் ஒரே கவட்டையிலிருந்து நெருக்கமாக, செங்குத்தாகக் கிளம்புபவை. இந்த மாதிரிக் கவட்டையில் பட்டை உள்பக்கம் மடிந்து சிக்கிக்கொள்ளும். கட்டையோடு கட்டை சேராது. வெளியே பருமனாகத் தெரியும், உள்ளே பிடிப்பு இருக்காது. காற்றில் கிளைகள் ஆளுக்கொரு பக்கம் ஆடினால் அங்கேதான் பிளக்கும். அதனால் கவட்டைக்கும் நுனிக்கும் நடுவே மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில், இரண்டு கிளைகளையும் துளைத்துப் போல்ட் போட்டு, துத்தநாகம் பூசிய எஃகு வடத்தால் இணைத்தோம். கவட்டையின் ஊடே மரை போட்ட கம்பி ஒன்றும் போட்டிருக்கிறது.

சாமி மரத்தைத் துளைக்கலாமா, சங்கிலி சுற்றினால் போதாதா என்று பெரியவர்கள் வருத்தப்பட்டார்கள். எங்களுக்கும் மனசு கேட்கவில்லை. ஆனால் கிளை பருக்கப் பருக்கச் சங்கிலி பட்டையை இறுக்கும். இலையில் உண்டான சத்து பட்டை வழியாகத்தான் கீழே இறங்குகிறது, அது நின்றுபோகும். சிறு துளையென்றால் மரம் தானே போல்ட்டைச் சுற்றி வளர்ந்து மூடிக்கொள்ளும். முதல் துளையில் வெள்ளையாகப் பால் கசிந்தது, அப்புறம் செம்பழுப்புத் தூள் உலர்வாக உதிர்ந்தது. நல்ல வைரம் பாய்ந்த கட்டை! எதிர்க் கிளையில் கறுத்த ஈரச் சக்கை வந்தது, உள்ளே உளுத்திருக்கிறது என்று அர்த்தம். அதனால் அந்த இடத்தை விட்டு ஓரடி மேலே ஏறித் துளைத்தோம்.

வடம் தொய்வில்லாமல் இருக்கிறதே தவிர, விறைப்பாக இழுக்கவில்லை. மரம் கொஞ்சம் ஆடத்தான் வேண்டும். ஆடினால்தான் கட்டை உரம் பெறும்.

முன்பு பொந்தில் அடைத்த சிமென்ட்டையும் உடைத்தெடுத்தோம். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் அதன் பின்னால் ஈரம் தங்கி உளுப்பு பரவியிருந்தது. பொந்து இனித் திறந்தே இருக்கும்.

வரவு செலவு அலுவலகப் பலகையில் ஒட்டியிருக்கிறது. ஆண்டுதோறும் மாசியில், இலை உதிர்ந்திருக்கும்போது, ஆள் ஏற்றி வடத்தையும் போல்ட்டுகளையும் பார்க்க வேண்டும். அடுத்த கமிட்டி இதை விட்டுவிடக் கூடாது. வேண்டுதல் தொட்டில்களை இனிக் கிளையில் கட்டாமல், மரத்தடியில் நட்டிருக்கும் இரும்புச் சட்டத்தில் கட்டும்படி வருகிறவர்களிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
திருப்பணிக் கமிட்டியார்