அஜீரணத்துக்கு மாத்திரை எழுதும் பொது மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களே,

மேல்வயிற்று வலி, எரிச்சல், சிறிதளவு உண்டதுமே வயிறு நிறைந்துவிடுதல், உண்டபின் நெடுநேரம் நீடிக்கும் கனம் ஆகிய தொல்லைகளோடு உங்களை நாடி வருவோரில் பலருக்கு அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை எழுதித் தரப்படுகிறது. அது தீர்ந்ததும் அதே மாத்திரை மீண்டும் தொடர்கிறது. அப்படி மாதக்கணக்கில் தொடரும் முன், இரைப்பையில் வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமிக்கான பரிசோதனையை ஒருமுறையேனும் செய்யுமாறு நோயாளிகளின் தரப்பிலிருந்து கேட்டுக்கொள்கிறேன்.

உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் இக்கிருமி இருப்பதாக நெடுங்காலம் மதிப்பிடப்பட்டு வந்தது. அண்மைக் காலத்தில் அந்த அளவு குறைந்து வருகிறது. இது பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில் வீட்டாரிடமிருந்து தொற்றி, சிகிச்சை பெறாவிட்டால் வாழ்நாள் முழுவதும் இரைப்பையில் தங்கிவிடுவதால், ஒருவர் இன்று வாழும் சூழலைவிட அவர் வளர்ந்த சூழலே தொற்றின் வாய்ப்பைப் பெரிதும் தீர்மானிக்கிறது. ஆகவே அஜீரணம் உள்ளோரில் எத்தனை பேருக்கு இது இருக்கிறது என்று கேட்டால், எங்கும் பொருந்தும் ஒரே விடை கிடைக்காது. நோயாளிகளின் வயது, வளர்ந்த இடம், பயன்படுத்திய பரிசோதனை ஆகியவற்றுக்கேற்ப எண் மாறும். ஓர் ஆய்வின் சதவீதத்தை எடுத்து எல்லோருக்கும் பொருத்துவது, என் கருத்தில், பொறுப்பான செயலன்று.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கிருமி உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு எந்தத் தொல்லையும் இருப்பதில்லை. நலமாக இருக்கும் நூறு பேரில் அறுபது பேரிடம் அது காணப்படும் ஓர் ஊரில், அஜீரணம் உள்ள நூறு பேரிலும் அறுபது பேரிடம் காணப்பட்டால், அந்த எண்ணிக்கையை மட்டும் வைத்துக் கிருமியைக் குற்றவாளியாக்க முடியாது.

பிறகு ஏன் தேட வேண்டும்? புண் எதுவும் தென்படாத அஜீரணத்தில்கூட, கிருமியை ஒழித்தவர்களில் ஏறத்தாழப் பதினான்கு பேருக்கு ஒருவர் வீதம் கூடுதலாக நலம் பெறுவதை ஆய்வுகளின் தொகுப்பு காட்டியுள்ளது. சிறிய பலன்தான், ஆனால் ஆண்டுக்கணக்கில் மாத்திரை விழுங்குபவருக்கு அது சிறியதன்று. அதற்கு மேலாக, குடற்புண்ணுக்கு இக்கிருமி முதன்மைக் காரணங்களுள் ஒன்று என்பதை நிறுவியதற்கு அடிப்படையான கண்டுபிடிப்புக்காகவே பேரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005-இல் நோபல் பரிசு பெற்றனர். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1994-லேயே இதை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் காரணிகளின் முதல் தொகுதியில் சேர்த்துவிட்டது.

பரிசோதனையை முறையாகச் செய்வதும் முக்கியம். ஒமிப்ரசோல், பேன்டோபிரசோல் போன்ற அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகள் கிருமியின் எண்ணிக்கையைத் தற்காலிகமாகக் குறைத்து, இல்லை என்ற பொய்யான முடிவைத் தரக்கூடும். எனவே மூச்சுப் பரிசோதனைக்கும் மலப் பரிசோதனைக்கும் முன் அவற்றை இரண்டு வாரமும், ஆன்டிபயாட்டிக்குகளை நான்கு வாரமும் நிறுத்தச் சொல்லுங்கள். இரத்தத்தில் எதிர்ப்பொருளைப் பார்க்கும் பரிசோதனை, பழைய தொற்றையும் இன்றைய தொற்றையும் பிரித்துக் காட்டாது. எடை குறைதல், விழுங்குவதில் சிரமம், கறுத்த மலம், இரத்தசோகை, ஓயாத வாந்தி ஆகியவை இருந்தால், அல்லது முதுமையில் புதிதாக அஜீரணம் தொடங்கினால், இந்தப் பரிசோதனைகளோடு நில்லாமல் எண்டோஸ்கோபிக்கு அனுப்ப வேண்டும்.

பரிசோதிக்காமலேயே ஊகத்தின்பேரில் ஆன்டிபயாட்டிக் கொடுப்பதை நான் கேட்கவில்லை. கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத கிருமி வகைகள் பல நாடுகளில் பெருகிவிட்ட நிலையில், அது அடுத்த நோயாளிக்கும் தீங்காகும். தொற்று உறுதியானால் உங்கள் பகுதியில் கிருமி எந்த மருந்துகளுக்கு அடங்குவதில்லை என்பதற்கேற்ற கூட்டுமருந்தைத் தேர்ந்து, நோயாளி அதை இடையில் விட்டுவிடாதபடி பக்கவிளைவுகளை முன்கூட்டியே விளக்கி, முடித்தபின் குறைந்தது நான்கு வாரம் கழித்துக் கிருமி ஒழிந்ததா என்று மறுபடியும் பரிசோதியுங்கள். வலி நின்றுவிட்டது என்பதற்காக இந்த மறுபரிசோதனையை விட்டுவிட வேண்டாம்.

இங்ஙனம்,
நோயாளிகளின் தரப்பில் ஒருவர்