கோபம் வந்த அன்று எழுதிய பக்கம்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. இரண்டு முறை பதில் எழுத உட்கார்ந்தேன். ஒரு நாள் நைட் டியூட்டி குறுக்கே வந்தது, இன்னொரு நாள் மறுநாள் தேர்வு. இன்று வீட்டில் யாரும் இல்லை, அசைன்மென்டும் கொடுத்தாகிவிட்டது. ஆற அமர எழுதுகிறேன்.

முதலில் உன் சேதி. மகளுக்கு வேலை கிடைத்ததில் எனக்கும் அவ்வளவு சந்தோஷம். அவளை மடியில் போட்டுக்கொண்டு நீ கணக்குத் தேர்வுக்குப் படித்தது கண்முன் வருகிறது. அம்மாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது? வலிக்கிறதென்று நடையை அடியோடு நிறுத்திவிட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

இப்போது நீ கேட்ட கேள்வி. கவுன்சலிங் படிப்பில் சேரலாமா என்று யோசிக்கிறாய். பாடத்திட்டத்தில் ரிஃப்ளெக்டிவ் ஜர்னல் என்று ஒன்றைப் பார்த்துவிட்டு, 'டைரி எழுதினால் மார்க் போடுவார்களா? இந்த வயதில் நான் எதை எழுதுவேன்?' என்று கேட்டிருக்கிறாய். போன வருடம் 46 வயதில் நர்சிங் பட்டப்படிப்புக்குப் போய் உட்கார்ந்தபோது எனக்கும் இதே கேள்விதான்.

அது டைரி இல்லையடி. டைரியில் நடந்ததை எழுதிவிட்டு மூடிவிடுவோம். இதில் நடந்ததை முன்னால் வைத்துக்கொண்டு, அப்போது மனதில் என்ன ஓடியது, ஏன் அப்படி நினைத்தேன், அந்த நினைப்பு சரிதானா என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும். எனக்கு அது பிடிபட இரண்டு மாதம் ஆயிற்று.

முதல் வாரமே ஆறு படிகள் கொண்ட ஒரு வட்டத்தைத் தந்தார்கள். கிரஹாம் கிப்ஸ் என்ற கல்வியாளர் 1988-ல் வகுத்தது. நர்சிங் படிப்பில் அதை நிறையப் பயன்படுத்துகிறார்கள். என்ன நடந்தது, என்ன உணர்ந்தாய், எது நன்றாயிருந்தது எது சரியில்லை, ஏன் அப்படி ஆயிற்று, வேறென்ன செய்திருக்கலாம், அடுத்த முறை என்ன செய்வாய். நானும் ஆறு தலைப்புப் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் நாலு வரி எழுதிக் கொடுத்தேன். ஓர் அடித்தல் திருத்தல் இல்லை. திரும்பி வந்தபோது 'விவரம் இருக்கிறது, சிந்தனை தெரியவில்லை' என்று ஓரத்தில் எழுதியிருந்தது. மதிப்பெண்ணும் குறைவு. வருத்தமாக இருந்தது.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்ததை எடுத்து, எனக்காகத் தமிழில் எழுதிப் பார்த்தேன். 'மருந்து கொடுக்கப்பட்டது. டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது. நோயாளி கண்காணிக்கப்பட்டார்.' பக்கம் முழுக்கப் பட்டது, பட்டது, பட்டார். ஆங்கிலத்தில் அது எனக்கு உறுத்தவே இல்லை. 22 வருடமாகக் கேஸ் ஷீட்டில் அப்படித்தானே எழுதுகிறேன்! தமிழில் பார்த்தால் ஒவ்வொரு வரியும் 'யார்?' என்று கேட்கிறது. வீட்டில் யாராவது 'கதவு என்னால் சாத்தப்பட்டது' என்று பேசுவோமா? மருந்து கொடுத்தது நான். டாக்டரைக் கூப்பிடலாமா வேண்டாமா என்று தயங்கிப் பத்து நிமிடம் நின்றதும் நான். அந்தப் பத்து நிமிடம் என் ஆறு தலைப்பில் எதிலுமே இல்லை.

அன்றிலிருந்து வீட்டு நோட்டு தமிழில்தான். வலது பக்கம் மட்டும் எழுதுகிறேன், இடது பக்கத்தைக் காலியாக விடுகிறேன். ஒரு வாரம் கழித்துப் படித்துப் பார்த்து, அப்போது தோன்றுவதை இடது பக்கத்தில் எழுதுகிறேன். என் அனுபவத்தில் படிப்பு நடப்பது அந்த இடது பக்கத்தில்தான். ஒரு பக்கத்தைப் பற்றி மட்டும் உனக்கு விவரமாகச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இரண்டாவது செமஸ்டரில் தடுப்பூசி பற்றி ஒரு வகுப்பு. சதையில் ஊசி போடும்போது, குத்தியதும் சிரிஞ்சின் தண்டைக் கொஞ்சம் பின்னால் இழுத்து, ரத்தம் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மருந்தைச் செலுத்த வேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்தார்கள். ஊசி ரத்தக்குழாய்க்குள் போய்விடக் கூடாது என்பதற்காக. நான் ஒரு குழந்தைக்கும் அப்படிப் பார்க்காமல் போட்டதில்லை. வகுப்பில் மேடம், தடுப்பூசிக்கு அது வேண்டாம் என்றார். தடுப்பூசி போடுகிற இடங்களான மேற்கையிலும் தொடையின் முன்பக்க ஓரத்திலும் பெரிய ரத்தக்குழாய்கள் இல்லை. இழுத்துப் பார்க்கிற நேரத்தில் ஊசி உள்ளே கூடுதலாக நிற்கிறது, அசைகிறது, குழந்தைக்கு வலி கூடுகிறது. உலக சுகாதார நிறுவனமே 2015-ல் அப்படிச் செய்ய வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. (வேறு சில மருந்துகளுக்கும் இடங்களுக்கும் அந்தப் பழக்கத்துக்கு இன்னும் காரணம் இருக்கிறது. இங்கே பேச்சு தடுப்பூசியைப் பற்றி மட்டும்.)

எனக்கு வந்ததே கோபம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு 21 வயது, அவள் பாட்டுக்குக் குறித்துக்கொண்டிருந்தாள். என் கை ஆடியது. வீட்டுக்கு வந்து வலது பக்கத்தில் எழுதினேன்: 'வார்டைப் பார்க்காதவர்கள் புத்தகத்தை வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். ஒரு வினாடிக்கு மேல் எடுக்காத வேலைக்கு இவ்வளவு பேச்சா? நான் போட்ட ஊசியில் ஒரு குழந்தைக்கும் எதுவும் ஆனதில்லை.' இன்னும் கடுமையாகவும் இருக்கிறது, உனக்கு நேரில் காட்டுகிறேன்.

ஒரு வாரம் கழித்துப் படித்தேன். மேடம் சொன்ன காரணத்துக்கு அந்தப் பக்கத்தில் பதிலே இல்லை. என் வருடக் கணக்குதான் இருந்தது. இடது பக்கத்தில் ஒரே ஒரு வரி எழுதினேன்: 'எனக்கு ஏன் ஊசியைப் பற்றிக் கோபம் வரவில்லை, என்னைப் பற்றிக் கோபம் வந்தது?'

மறுநாள் அதன் கீழே இன்னொன்று வந்தது. ஆறு ஏழு வருடத்துக்கு முன்பு எங்கள் வார்டுக்கு ஒரு புதுப்பெண் வந்தாள். ஒரு குழந்தைக்கு ஊசி போடும்போது அவள் பின்னால் இழுத்துப் பார்க்கவில்லை. தாய்மார்கள் வரிசையில் நிற்கும்போதே சத்தமாகக் கேட்டேன், 'இதுகூடச் சொல்லித் தரலையா உனக்கு?' அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் கேட்கவில்லை. அவள் அன்று சொல்ல வந்தது, மேடம் இன்று சொன்னதாகத்தான் இருந்திருக்கும்.

ஜாக் மெசிரோ என்ற அறிஞர் 1970-களில், பல வருட இடைவெளிக்குப் பிறகு கல்லூரிக்குத் திரும்பிய பெண்களை ஆராய்ந்து எழுதியவர். நாம் ரொம்ப நாளாக நம்பி வந்த ஒன்றோடு பொருந்தாத ஒன்று வந்து மோதி நிலைகுலைய வைக்கும்போதுதான் பெரியவர்களின் ஆழமான கற்றல் தொடங்குகிறது என்பது அவர் கருத்து. தேர்வுக்காக அதை இரண்டு முறை படித்திருந்தேன். அந்த இடது பக்கத்துக்குப் பிறகுதான் அவர் யாரைப் பற்றி எழுதியிருக்கிறார் என்று புரிந்தது. சின்ன வயதில் புதிதாக ஒன்று வந்தால் காலி இடத்தில் வைத்துக்கொள்வோம். நம் வயதில் அந்த இடத்தில் ஏற்கெனவே ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதை எழுப்ப வலிக்கிறது.

அன்று வார்டில் நான் திட்டிய பெண்ணின் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். சொன்னேன். கொஞ்ச நேரம் அவளிடமிருந்து சத்தமே இல்லை. பிறகு, "எனக்கு ஞாபகம் இருக்கு சிஸ்டர்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதன் பிறகு அவள் வேலையைப் பற்றி அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

நோட்டு முழுக்க இப்படித் தப்புகளின் கணக்கு என்று நினைத்துவிடாதே. எனக்குள் இருந்தும் எனக்கே தெரியாத சில விஷயங்களை வெளியே எடுத்ததும் அந்த நோட்டுதான். ஊசி போட நரம்பு எப்படி அக்கா பிடிக்கிறீங்க என்று வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள். 'கை பழகணும்' என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அன்று இரவு அந்தப் பதில் எனக்கே போதவில்லை. என் விரல் என்ன செய்கிறது என்று எழுத ஆரம்பித்தேன், இரண்டு பக்கம் போயிற்று. கண்ணால் தேடுவதில்லை. கண்ணுக்கு நீலமாகத் தெரிவது எப்போதும் நல்ல நரம்பாக இருப்பதில்லை. அழுத்தி விட்டால் மெத்தென்று திரும்பி எழ வேண்டும். தசைநாணாக இருந்தால் கயிறு மாதிரி இறுகியிருக்கும், தமனியாக இருந்தால் துடிக்கும். வேலை செய்யும்போதே உள்ளே ஓடுகிற யோசனையையும், முடிந்த பிறகு உட்கார்ந்து யோசிப்பதையும் டொனால்ட் ஷோன் என்பவர் 1983-ல் தனித்தனியாகப் பிரித்துக் காட்டினார். முதலாவது எனக்குப் பல வருடமாக உண்டு, இரண்டாவது இப்போதுதான் வந்திருக்கிறது. அந்த இரண்டு பக்கத்தையும் அவளுக்குப் படித்துக் காட்டினேன். அடுத்த வாரம் அவள் முதல் குத்திலேயே பிடித்தாள்.

நீ எதையும் மனதில் போட்டு உழப்பிக்கொள்கிறவள், அதனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். யோசிப்பது வேறு, மருகுவது வேறு. பல வருடத்துக்கு முன் என் டியூட்டியில் நடந்த ஒரு மரணத்தைப் பற்றித் தொடர்ந்து மூன்று இரவு எழுதினேன். மூன்றாவது நாள் படித்தால் மூன்றும் ஒரே பக்கம். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர், மனதை அழுத்திய அனுபவங்களை நாளுக்கு 15 நிமிடம் வீதம் நாலு நாள் எழுத வைத்து நடத்திய ஆய்வு 1986-ல் வெளிவந்தது. பிந்தைய ஆய்வுகளில் அவர் கண்ட ஒன்று எனக்கு உதவியது. எழுத எழுத 'ஏனென்றால்', 'இப்போது புரிகிறது' போன்ற சொற்கள் யாருடைய எழுத்தில் கூடிக்கொண்டு போயினவோ, அவர்களுக்குத்தான் பலன் அதிகம். என் மூன்று பக்கத்திலும் ஓர் 'ஏனென்றால்' கூட இல்லை. அத்தோடு நிறுத்தி, கூட வேலை பார்த்த ஒரு சீனியரிடம் போய்ப் பேசினேன். சில விஷயத்துக்கு நோட்டு போதாது, ஆள் வேண்டும்.

மார்க் விஷயம். மனதைத் திறந்து எழுதியதற்கு மதிப்பெண் போடுவதில் எனக்கு இன்றும் முழுச் சம்மதம் இல்லை. மார்க் என்று தெரிந்ததும் பேனா தானாகவே நல்லபிள்ளையாகிவிடுகிறது. 'இதிலிருந்து நான் நிறையக் கற்றுக்கொண்டேன்' என்று முடிக்கச் சொல்கிறது. அதனால் இரண்டு நோட்டு வைத்திருக்கிறேன். வீட்டு நோட்டிலிருந்து, மற்றவர் பார்க்கலாம் என்று நான் தீர்மானித்ததை மட்டும் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்கிறேன். வார்டில் அந்தப் பெண்ணைத் திட்டியதைக் கொடுத்தேன், போனில் பேசியதைக் கொடுக்கவில்லை. அது எங்கள் இருவருக்குள். நோயாளிகளைப் பற்றி எழுதும்போது இரண்டு நோட்டிலுமே பெயரோ படுக்கை எண்ணோ எழுதுவதில்லை. கவுன்சலிங்கில் உனக்கு இது இன்னும் முக்கியம். உன்னிடம் பேசியவரை இன்னார் என்று யாரும் கண்டுபிடிக்க முடியாதபடி எழுதப் பழகிக்கொள்.

பாடம் மறந்துபோகும் என்று பயந்திருந்தாயே, அதற்கும் இதிலேயே ஒரு வழி இருக்கிறது. வகுப்பு முடிந்து வந்ததும் புத்தகத்தைத் திறக்காமல், நினைவில் இருப்பதை முதலில் எழுது. பிறகு திறந்து பார். திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, படித்ததை இப்படி நினைவிலிருந்து எடுத்துப் பார்த்தவர்கள்தான் ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவு வைத்திருந்தார்கள் என்று உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006-ல் காட்டினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்களே முன்னால் இருந்தார்கள். படித்ததும் எல்லாம் தெரிந்துவிட்ட மாதிரி இருக்குமே, அதை நம்பாதே.

தினமும் எழுத வேண்டும் என்று ஒன்றும் இல்லை. நான் வாரத்துக்கு மூன்று நாள் எழுதினால் அதிகம். நைட் டியூட்டி வாரத்தில் 'களைப்பு' என்று ஒரே சொல் இருக்கிற பக்கங்களும் உண்டு. அவற்றையும் கிழிக்கவில்லை.

எதை எழுதுவேன் என்று கேட்டாயே. ஒன்பதாம் வகுப்பில் 'ஏன் சார்?' என்று கேட்டதற்கு உன்னை வெளியே நிற்க வைத்தார்கள். நான் உள்ளே உட்கார்ந்து, அவர் சொன்னதை வரி மாறாமல் எழுதிக்கொண்டிருந்தேன். நான் கேட்க இத்தனை வருடம் ஆயிற்று. அன்று வெளியே நின்றபோது உனக்கு என்ன தோன்றியது என்று நீ என்னிடம் சொன்னதே இல்லை. முதல் பக்கத்தில் அதை எழுதேன்.

விண்ணப்பத்துக்கு இந்த மாதம் 25 கடைசி என்று எழுதியிருந்தாய். ஞாயிறு மாலை எனக்கு டியூட்டி இல்லை, ஐந்து மணிக்கு மேல் கூப்பிடு. படிவத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுவோம்.

என்றும் உன்,
பழைய பெஞ்சுத் தோழி