யாழினியின் கன்னத்தைக் கொஞ்சம் விட்டுவை

தோ பாயோ, சிங்கப்பூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மல்லிகா,

உன் மின்னஞ்சல் கிடைத்தது. நீளமான கடிதம்தான். ஆனால் உன்னைப் பற்றி நான்கு வரி, அண்ணனின் சர்க்கரையைப் பற்றி இரண்டு வரி, மீதி முழுக்க உன் மகள் யாழினியின் கன்னத்துப் பரு. இடப்பக்கம் எத்தனை, நெற்றியில் எத்தனை, எது சீழ் வைத்தது, எது கறுத்தது என்று வரிசையாக எழுதியிருக்கிறாய். பள்ளியில் விலங்கியல் ஏட்டில் தவளையின் உறுப்புகளுக்கெல்லாம் பெயர் குறித்து வைத்தவள் நீ. அந்தப் பழக்கம் உன்னை விட்டுப் போகவில்லை. பாவம் அந்தப் பெண்.

பலதுறை மருந்தகத்தில் மருந்து கொடுக்கும் முகப்பில் இத்தனை ஆண்டு நிற்கிறேன் என்பதால் என்னைக் கேட்கிறாய். நான் மருத்துவர் இல்லை. ஆனால் மருத்துவர் கிரீமை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார். "இது ஒன்றுக்கும் ஆகவில்லை" என்று பாதிக் குழாயைத் தூக்கிக்கொண்டு வந்து சண்டை போடுவது எங்களிடம்தான். ஆகவே பருவுக்கான கிரீம்களில் யார் எந்த வாரத்தில் என்ன சண்டை போடுவார்கள் என்பது எனக்கு மனப்பாடம். உன் சண்டை மூன்றாம் வாரத்துச் சண்டை.

யாழினிக்கு எழுதிக் கொடுத்தது 0.025 விழுக்காடு டிரெட்டினாயின். ஏ வைட்டமினின் அமில வடிவம் அது. அதைப் போட்டதும் முகம் உரிகிறது, எரிகிறது, முன்பைவிடப் பரு கூடிவிட்டது, "ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்திவிடு என்று சொல்லிவிட்டேன்" என்கிறாய். பரு இன்று காலையில் முளைத்ததாகத்தான் நமக்குத் தெரியும். உண்மையில் அதற்கு வாரக்கணக்கில் முன்பே தோலின் நுண்துளைக்குள் செத்த செல்களும் எண்ணெயும் சேர்ந்து அடைத்துக்கொள்ளத் தொடங்கியிருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த அடைப்பின்மேல்தான் இந்த மருந்து வேலை செய்கிறது. வெளியே தெரியும் பருவை ஒரே இரவில் அமுக்குவது இதன் வேலையே இல்லை. ஏற்கெனவே உள்ளே உருவாகிவிட்டவை முதல் சில வாரங்களில் வெளியே வந்தே தீரும். சிலருக்கு மொத்தமாகவே வந்துவிடும். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். மூன்றாவது வாரத்தில் நிறுத்துகிறவர்களுக்கு எரிச்சல் மட்டும் மிஞ்சுகிறது. அதைத் தாங்கியதற்கான கூலி கைக்கு வருவதில்லை. எங்கள் முகப்புக்கு வந்து திட்டுகிறவர்களில் பெரும்பாலோர் இந்தக் கூட்டம்தான்.

உரிவதற்கு வேறு காரணமும் இருக்கும். அவள் எவ்வளவு போடுகிறாள் என்று கேட்டாயா? முகம் முழுவதற்கும் சேர்த்து ஒரு பட்டாணி அளவு போதும். பல் துலக்கும் பசையைப் பிதுக்குகிற கணக்கில் பிதுக்குகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முகம் கழுவிய ஈரத்தோடு போட்டாலும் எரியும். துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு, இரவில் மட்டும். தொடக்கத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள். ஈரப்பசைக் கிரீம் ஒன்றை முதலில் பூசி, அதன்மேல் மருந்து, அதற்கும் மேல் மறுபடி ஈரப்பசைக் கிரீம் என்று போட்டாலும் தவறில்லை. கண்ணோரம், உதட்டோரம், மூக்கின் மடிப்பு வேண்டாம். இன்னொன்று, யாரும் சொல்லித் தராதது: இந்த மருந்து போடும் காலத்தில் மேலுதட்டுக்கு மெழுகு வைத்து முடி எடுக்கக் கூடாது. தோலும் சேர்ந்து வந்துவிடும். லிட்டில் இந்தியாவில் ஓர் அழகு நிலையத்திலிருந்து நேராக எங்களிடம் வந்த ஒரு பெண்ணின் மேலுதட்டைப் பார்த்தேன்; தீபாவளிக்கு மூன்று நாள் இருந்தது. அவள் அழுத அழுகையில் கிரீமைத் திட்டுவதற்குக்கூட மறந்துவிட்டாள்.

நீ அரைக்கிற கடலைமாவு, கஸ்தூரி மஞ்சள், எலுமிச்சைச் சாறு மூன்றையும் கொஞ்ச நாள் அடுக்களையோடு நிறுத்திக்கொள். தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெய் நெற்றிக்கு வழிந்தால் அங்கே துளை அடைத்துக்கொள்ளும். நெற்றியில்தான் அதிகம் என்று நீயே எழுதியிருக்கிறாய். உடம்புச் சூடு என்று உன் மாமியார் சொல்வதற்கு என்னிடம் பதில் இல்லை. என் மாமியாரும் அதைத்தான் சொன்னார், அவருக்கும் என்னிடம் பதில் இருந்ததில்லை.

இப்போது உன் கடிதத்தில் என்னைத் தூக்கிவாரிப்போட்ட வரிக்கு வருகிறேன். பக்கத்துத் தெரு மருந்துக்கடைக்காரர் "இதைப் போடச் சொல்லுங்கள், ஒரே வாரத்தில் பளிச்சென்று ஆகிவிடும்" என்று ஒரு குழாய் கொடுத்தார், எதிர்வீட்டுப் பெண்ணுக்கு அப்படித்தான் ஆனது என்கிறாய். அந்தக் குழாயை எடு, கண்ணாடியைப் போட்டுக்கொள், பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் பெயர்களைப் படி. மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், ஃபுளூசினோலோன் என்று எது இருந்தாலும் அது ஸ்டீராய்டு. பளிச்சென்றுதான் ஆகும். ஸ்டீராய்டு சிவப்பையும் வீக்கத்தையும் அடக்கிவிடும், நிறத்தையும் சற்று வெளுக்க வைக்கும். தொடர்ந்து போட்டால் தோல் மெலியும், சிவப்பாக இரத்தக் குழாய்கள் தெரியும், முகத்தில் முடி வளரும், பரு புதிதாகக் கிளம்பும். நிறுத்தினால் எரிந்து சிவந்து, மறுபடி அதையே போடச் சொல்லும். 2018-இல் இந்திய அரசு பல ஸ்டீராய்டு கிரீம்களை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று விதியையே மாற்றியது. கடைக்காரருக்கு அது தெரியாமல் இருக்காது.

இங்கே மட்டும் என்ன வாழ்கிறது என்று கேட்பாய். இணையத்தில் விற்கும் நிறம் வெளுக்கும் கிரீம்களில் ஸ்டீராய்டும் பாதரசமும் இருப்பதைக் கண்டுபிடித்துச் சுகாதார அறிவியல் ஆணையம் அவ்வப்போது எச்சரித்துக்கொண்டே இருக்கிறது. எங்கள் அடுக்குமாடி புளோக்கிலேயே ஒருவர், நம்மைவிட இளையவர், மகள் கல்யாணத்துக்கு முன் பளபளப்பு வேண்டும் என்று பெயர்ப்பட்டியல் இல்லாத ஒரு டப்பாவை வாங்கிப் போட்டார். கல்யாணப் படங்களில் முகம் மின்னுகிறது. மறுவீட்டு விருந்துக்கு முகத்தை மூடிக்கொண்டு வந்தார். மின்தூக்கியில் என்னைப் பார்த்ததும் வேறு மாடிப் பொத்தானை அழுத்தி இறங்கிவிடுவார்; நான் மருந்து முகப்பில் இருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியும். கடைசியில் மகள்தான் அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் போனாள். அடங்க மாதங்கள் ஆயின.

உனக்கு ஒரு வேடிக்கை சொல்லட்டுமா. டிரெட்டினாயினைப் பருவுக்கு மருந்தாக நிலைநாட்டியவர் ஆல்பர்ட் கிளிக்மன் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர். 1971-இல் 'ரெட்டின்-ஏ' என்ற பெயரில் அது அங்கே அனுமதி பெற்றது. டிரெட்டினாயினோடு ஹைட்ரோகுவினோனும் ஒரு ஸ்டீராய்டும் கலந்து, தோல் நிறத்தை வெளுக்கும் கலவை ஒன்றை 1975-இல் வெளியிட்டவரும் அவரே. கருந்திட்டுகளுக்கு, குறுகிய காலத்துக்கு, மருத்துவர் பார்வையில் என்று இருந்த அந்தக் கலவையின் பேரப்பிள்ளைகள்தான் உங்கள் ஊர் மருந்துக்கடைகளில் சிவப்பழகு கிரீமாக உட்கார்ந்திருக்கின்றன. அவர் 1951 முதல் 1974 வரை பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் கைதிகளின் உடம்பில் சோதனைகள் நடத்தினார். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். அதற்காக அவருடைய பல்கலைக்கழகம் 2021-இலும் அந்த நகரம் 2022-இலும் மன்னிப்புக் கேட்டன. டிரெட்டினாயின் குழாயை எடுத்துக் கொடுக்கும்போதெல்லாம் இது என் நினைவுக்கு வரும் என்று சொன்னால் பொய். ஆனால் கறுத்த தோல் உள்ள ஒரு பிள்ளை வந்து "ஆன்ட்டி, இது போட்டால் வெள்ளையாவேனா?" என்று கேட்கும்போது வரும்.

என் மகன் கதிர் கதையைக் கேள். தேசிய சேவைக்கு, அதாவது இங்குள்ள கட்டாய இராணுவப் பயிற்சிக்கு, புலாவ் தெக்கோங் தீவுக்குப் போனவுடன் தாடை முழுக்கக் கிளம்பிவிட்டது. காட்டுப் பயிற்சிக்கு முகத்தில் பூசும் பச்சைச் சாயம், தலைக்கவசத்தின் பட்டை உரசல், நாள் முழுக்க வியர்வை. டிரெட்டினாயினுக்கு உறவான அடப்பலீனும் பென்சாயில் பெராக்சைடும் சேர்ந்த ஜெல் எழுதிக் கொடுத்தார்கள். நல்ல மருந்துதான், பென்சாயில் பெராக்சைடு கிருமியைக் கொல்லும், கிருமி அதற்குப் பழகிக்கொள்வதும் இல்லை. ஆனால் துணிச் சாயத்தைத் தின்றுவிடும் என்பதைப் பிள்ளைக்கு எடுத்துச் சொல்லியும் காதில் ஏறவில்லை. சனிக்கிழமை வீட்டுக்கு வந்து படுத்தான். நீ வாங்கி அனுப்பிய சுங்குடித் தலையணை உறையில் இப்போது அவன் முகத்தின் வரைபடம் இருக்கிறது. துவைத்தால் போகாது. வெள்ளை உறை, வெள்ளைத் துண்டு, அவ்வளவுதான். யாழினி இதைப் பார்த்து டிரெட்டினாயினோடு பென்சாயில் பெராக்சைடையும் ஒன்றாகப் போட வேண்டாம். அடப்பலீன் தாங்கும், சாதாரண டிரெட்டினாயினைப் பென்சாயில் பெராக்சைடு சிதைத்துவிடும், வெளிச்சமும் சிதைக்கும். இரவில் போடச் சொல்வது அதனாலும்தான்.

கதிருக்கு ஐந்தாம் மாதம் முகம் தெளிந்தது. அவனோடு அதே படுக்கை வரிசையில் இருந்த பையனுக்கு இதே ஜெல் ஒன்றும் செய்யவில்லை. மாத்திரைக்கு மாற வேண்டியதாயிற்று. ஆழமாகக் கட்டி கட்டியாக வருகிறவர்களுக்குக் கிரீம் மட்டும் போதாது. எங்களுடன் வேலை செய்யும் ஒருத்தி கருவுற்றிருந்தபோது டிரெட்டினாயினை நிறுத்தச் சொல்லி அசலாயிக் அமிலத்துக்கு மாற்றினார்கள். முகத்தில் எறும்பு ஊர்வது போல இருக்கிறது என்று முதல் வாரமெல்லாம் சொறிந்துகொண்டிருந்தாள். பிறகு பழகிவிட்டது, கறுப்புத் தழும்பும் சேர்ந்து மங்கியது. கிளிண்டாமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி நீர்மத்தை மட்டும் மாதக்கணக்கில் போட்டுக்கொண்டு "முதலில் கேட்டது, இப்போது கேட்கவில்லை" என்று வந்தவர்கள் பலர். தனியாகப் போட்டால் கிருமி பழகிக்கொள்ளும். கூடவே பென்சாயில் பெராக்சைடு வேண்டும்.

நமக்கு, நம் நிறத்துக்கு, பருவைவிடப் பெரிய தொல்லை அது விட்டுப் போகும் கறுப்பு. பரு ஒரு வாரம், கறுப்பு ஆறு மாதம். வெயில் பட்டால் இன்னும் கறுக்கும். இங்கே நண்பகலில் புற ஊதாக் கதிர்க் குறியீடு 11-ஐத் தாண்டுவது சர்வ சாதாரணம். கோயம்புத்தூர் வெயிலும் இளைத்ததல்ல. காலையில் வெயில் தடுப்புக் கிரீம் போடாமல் இரவில் டிரெட்டினாயின் போடுவது வீண் வேலை. தோல் நிறச் சாயம் கலந்தது கிடைத்தால் வாங்கு. அதிலுள்ள இரும்பு ஆக்சைடு சாதாரண வெளிச்சத்தையும் மறைக்கும், அதுவும் கறுப்பைக் கூட்டுவதுதான். கிள்ளக் கூடாது என்பதை அவளிடம் சொல்லாதே, கேட்டுக் கேட்டுச் சலித்திருப்பாள்.

மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, தாடையில் முடி வளர்கிறதா என்று மட்டும் மருத்துவர் கேட்டாரா பார். மாதவிலக்கு தப்பினாலோ முடி வளர்ந்தாலோ அது ஹார்மோன் சங்கதியாக இருக்கலாம். அதற்கு வேறு வைத்தியம். திருமணம், குழந்தை என்று பேச்சு எடுக்கும் நாளில் டிரெட்டினாயினை நிறுத்த வேண்டும் என்பதையும் அவளே தெரிந்துவைத்துக்கொள்ளட்டும்.

இங்கே தேசிய சரும நிலையம் மெண்டலே சாலையில் வந்தது 1988-இல். அதற்கு முன்பு மிடில் ரோடு மருத்துவமனை. பால்வினை நோய்க்கும் அதே இடம் என்பதால் என் அம்மா அந்தச் சாலையில் நடக்கக்கூடச் சங்கடப்படுவார். இன்று பிள்ளைகள் பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு கூச்சமில்லாமல் போகிறார்கள். கூச்சம் எல்லாம் இப்போது வீட்டுக்குள்ளே இருக்கிறது. காலையில் காபி டம்ளரை நீட்டும்போது அம்மா முதலில் கன்னத்தைப் பார்க்கிறாள், பிறகுதான் கண்ணைப் பார்க்கிறாள். கல்யாண வீட்டில் சாப்பாட்டுப் பந்தியில் எதிரே உட்கார்ந்த அத்தை வடையைக் கடித்துக்கொண்டே வைத்தியம் சொல்கிறாள். பிள்ளைகள் மருந்தை நிறுத்துவது எரிச்சலால் மட்டும் அல்ல. பார்க்கிறவர்களுக்கு 12 வாரம் பொறுமை இல்லை, அந்த அவசரம் பிள்ளைகளுக்கும் தொற்றிக்கொள்கிறது. நான் சொல்வது உனக்குக் கோபம் வரும். வரட்டும். கதிர் விஷயத்தில் அவன் வாரத்தில் ஐந்து நாள் முகாமில் கிடந்ததுதான் பாதி வைத்தியம் என்று நினைக்கிறேன், நான் பார்க்க முடியவில்லை அல்லவா.

ஆகையால் இப்படிச் செய். மருத்துவரிடம் ஒருமுறை பேசி, ஒருநாள் விட்டு ஒருநாள் என்று மறுபடி தொடங்கச் சொல். மாதம் ஒருமுறை அதே சன்னலருகே அவளே ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டும். உனக்குக் காட்ட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மருந்துக்கடைக் குழாயைக் குப்பையில் போடு. யாழினிக்கு வேறு ஏதாவது கேட்க வேண்டுமென்றால் நேராக எனக்கு எழுதட்டும், நீ இடையில் வேண்டாம்.

டிசம்பரில் வருவதாகச் சொன்னாயே, டிக்கெட் போட்டாயா? இந்த முறை சுங்குடி வேண்டாம், மேலே சொன்ன காரணத்தால். உன் முழங்காலுக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னேன்; அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எடுத்தாயா இல்லையா, அதை எழுது.

அன்புடன்,
தனம்